அண்ணி சார்ஜர்

என் மேசைமேல் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே பிஸ்கட் இருக்காது. பழைய ஸ்டெபிலைசரிலிருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மர் ஒன்று, சூட்டை வாங்கிக்கொள்ள ஒரு அலுமினியத் தகடு, உள்ளங்கை அளவுப் பலகையில் பற்றவைத்த சில உதிரிகள், அந்தப் பலகையின் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு சின்னத் திருகு. பேட்டரி நிறைந்த பிறகு மின்சாரத்தை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அந்தத் திருகுதான் தீர்மானிக்கிறது. கடையில் பிரீசெட் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் தலையில் ஒரு துளி சிவப்பு நெயில் பாலிஷ் காய்ந்து கெட்டியாகிக் கிடக்கிறது. அந்தப் புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இருபது வருடம் ஆகப்போகிறது, இன்னும் எரிகிறது. திருகை எங்கே நிறுத்த வேண்டும் என்று அளந்து சொன்னது நான். அதன்மேல் புள்ளி வைத்தது என் அண்ணி. மரக்காணத்து உப்பளங்களில் தொடங்கி அனுமந்தை வரைக்கும் இதற்கு அண்ணி சார்ஜர் என்றுதான் பெயர்.

அண்ணன் கல்யாணம் 2004ஆம் வருடம் தை மாதத்தில் நடந்தது. அண்ணி பிரம்மதேசத்துப் பெண். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். கடற்கரையையே வருடத்துக்கு ஒருமுறை மாசி மகத்தன்று பார்ப்பவர்கள். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். அவர், இவர் என்று எழுதுவது அண்ணி என்கிற முறைக்காக, வேறு எதற்காகவும் இல்லை. நான் அப்போது எலக்ட்ரிகல் டிப்ளமோ இரண்டாம் வருடம். தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய்வந்து படித்தேன். எங்கள் வீட்டில் அவ்வளவு படித்தது நான் ஒருத்திதான். அது எனக்கு நன்றாகத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று விரும்பினேன். ஆனால் என் பாடத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்காத என் அம்மா, புது மருமகள் தன் ஊர் ஏரியில் எந்த மதகை எப்போது திறப்பார்கள் என்று சொல்வதைக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். மீன் குழம்பில் தலைத்துண்டு அதுவரை எனக்கு. கல்யாணம் ஆன மறுவாரமே அது தட்டு மாறிப் போய்விட்டது. அண்ணி அதை எடுத்து என் தட்டில் வைப்பார். அது இன்னும் மோசம்.

அண்ணன் குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்துக்கு அண்ணி போக ஆரம்பித்தார். தண்ணீரைப் பாத்தியில் கட்டி உப்பை விளைவிக்கிறார்கள் என்பதே அவருக்கு ஆச்சரியம். எங்கள் மேஸ்திரி எப்போதும் கையில் ஒரு கண்ணாடி மிதவை வைத்திருப்பார். பாத்தித் தண்ணீரை உயரமான குழாயில் மொண்டு அதற்குள் மிதவையை விட்டால், தண்ணீர் எவ்வளவு கனமாகியிருக்கிறது என்று அதன் கழுத்தில் உள்ள கோடுகள் காட்டும். டிகிரி பார்ப்பது என்பார்கள். இருபத்தைந்து டிகிரி வந்தால் உப்பு இறங்கும். முப்பதைத் தாண்டினால் அது கசப்புத் தண்ணீர், உப்பைக் கெடுத்துவிடும், திறந்து விட்டுவிட வேண்டும். உப்பளத்து வீட்டில் பிறந்த எனக்கு இதெல்லாம் காதில் விழுந்த சமாசாரம், அவ்வளவுதான். அண்ணி ஒரு மாதத்தில் மேஸ்திரியைவிட வேகமாக டிகிரி படித்தார். "அண்ணி கண்ணு எக்ஸ்ரே கண்ணும்மா" என்று மேஸ்திரி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கவனித்தீர்களா, மேஸ்திரியும் அவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டார். அவருக்கு என் அப்பா வயது. உப்பு வாருகிற பெண்கள், லாரி டிரைவர்கள், பஜாரில் எலக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருந்த பாய், எல்லோரும் அண்ணி என்றார்கள். உலகத்திலேயே அவரை அண்ணி என்று கூப்பிடும் உரிமை எனக்கு ஒருத்திக்குத்தான் இருந்தது, எனக்கு உடன்பிறந்தவர் வேறு யாரும் இல்லை. அந்த ஒரு வார்த்தையையும் ஊர் எடுத்துக்கொண்டது. நான் அவரை அப்படிக் கூப்பிடும்போது கும்பலில் நின்று கூப்பிடுவதைப்போல எனக்கு இருக்கும்.

அந்த வருடக் கடைசியில் சுனாமி வந்தது. கழிவெளி என்கிற உப்பங்கழி வழியாக ஏறிய தண்ணீர் வரப்புகளை உடைத்துப் பாத்திகளில் சேற்றை நிரப்பிவிட்டுப் போனது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சேற்றை அள்ளி, களத்தை மறுபடி மிதித்துக் கெட்டியாக்கி, உப்பு இறங்குவதற்குள் 2005 கோடை வந்துவிட்டது. வெயில் ஏறினால் உப்பின் வெள்ளை கண்ணைக் கூசும் என்பதால் எங்கள் பக்கத்தில் இருட்டு விலகும் முன்பே வாரத் தொடங்கிவிடுவார்கள். உப்பளத்தில் கரண்ட் கிடையாது. நிவாரணமாக வந்த எமர்ஜென்சி விளக்குகள் உப்புக்காற்றில் சீக்கிரமே கெட்டுப்போயின. அதனால் பழைய கார் பேட்டரியை சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுபோய், அதில் ஒரு டியூப் லைட்டைக் கொளுத்தி வேலை செய்தார்கள். ஆனால் அந்த பேட்டரிக்கு சார்ஜ் போட ஊரில் ஒரே கடை. அங்கே டிராக்டருக்கும் மைக் செட்டுக்கும்தான் முதல் மரியாதை. உப்பள பேட்டரி மூலையில் காத்துக்கிடக்கும்.

"நீதான் கரண்ட் படிச்சிருக்கியே, நாமளே ஒண்ணு செஞ்சிட்டா என்ன?" என்று அண்ணி கேட்டது ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கடைசியில் என் படிப்பு இந்த வீட்டுக்குள் நுழைகிறது என்று நினைத்தேன். மறுநாளே புதுச்சேரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். எங்கோ ஒரு தேசத்தில் இருந்த ஒருவர், தானாகவே நின்றுகொள்ளும் பேட்டரி சார்ஜரின் வரைபடத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்தார். யாரும் செய்துகொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், மாற்றினால் அந்த மாற்றத்தை மற்றவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. அச்சடித்து வாங்கி வந்தேன். நம் ஊரில் கிடைக்கிற உதிரிகளுக்குத் தக்கபடி அதை மாற்றுவதற்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது. முதல் சார்ஜர் வேலை செய்தபோது அதற்குள் மின்சாரத்தைத் துண்டிக்கிற ரிலே 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

அந்தத் தாளை என் பெட்டியில் பூட்டி வைக்கத்தான் இருந்தேன். யாருக்கு சார்ஜர் வேண்டுமானாலும் என்னிடம் வரட்டும், செய்து தருகிறேன், இந்த ஊரில் இது தெரிந்தவள் நான் ஒருத்தியாக இருக்கட்டும் என்று. அண்ணி கீழே இருந்த வரிகளைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். "மாத்தினா மத்தவங்களுக்கும் காட்டணுமாமா? நல்ல மனுஷனா இருக்காரே" என்றார். அடுத்த வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறேன், வீட்டை ஒட்டிய எங்கள் உப்பு குடோனின் வெளிச்சுவரில் சுண்ணாம்பு அடித்து, ஏணி போட்டு, தேர்தலுக்குச் சின்னம் வரைகிற பெயிண்டர் என் வரைபடத்தை ஆள் உயரத்துக்கு வரைந்துகொண்டிருக்கிறார். ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும். ஒரு மூலையில் என் பெயரைப் போடும்படி பெயிண்டரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் ஏணியில் நின்றபடியே, "அண்ணி, தங்கச்சி பேரு போடணுமாங்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "போடலாமே. ஆனா டப்பா குடுத்தவங்க, ஸ்டெபிலைசர் குடுத்தவங்க, எல்லார் பேரும் போடணும்ல? செவுரு பத்துமான்னு பாருப்பா" என்றார் அண்ணி. பத்தாது என்று பெயிண்டர் சொல்லிவிட்டார். கடைசியில் 'யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்' என்ற ஒரு வரியோடு சுவர் முடிந்தது.

அந்தக் கோடையும் அதற்குப் பிறகும் குடோனில் மத்தியானங்கள் எப்படி இருந்தன என்று இப்போதும் என்னால் அப்படியே சொல்ல முடியும். உப்பு மூட்டைகளை ஒரு பக்கம் அடுக்கிவிட்டுக் கோணி விரித்து உட்கார்வோம். வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்த பெண்கள், பாத்தி கட்டும் ஆட்கள், சில நாள் கடையை மகனிடம் விட்டுவிட்டு பாய். பாய் தன் கடைக்கு ரிப்பேருக்கு வந்து திரும்ப வாங்கப்படாத ஸ்டெபிலைசர்களை எல்லாம் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார். செப்புப் பலகையில் கோடு வரைந்து ஆசிட்டில் போட்டால், வரைந்த இடம் போக மீதிச் செம்பு கரையும். அந்தக் கோட்டை வரைய என்னிடம் இருந்த பேனாவின் மை நிற்கவில்லை. அண்ணி உள்ளே போய்த் தன் கல்யாண நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து வந்தார். அதில் வரைந்த கோடு அசையவே இல்லை. "அண்ணி கை பட்டா ஆசிட்டும் அடங்குது பாரு" என்று ஒரு அக்கா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நெயில் பாலிஷில் வரையலாம் என்று என் வாத்தியார் எப்போதோ சொல்லியிருக்கிறார். நான் மறந்திருந்தேன், அவ்வளவுதான்.

சால்டரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான். ஈயம் உருண்டையாக நிற்காமல் பரவ வேண்டும் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் காட்டினேன். புகையில் என் கண் எரிந்தது. அந்தப் பெண்கள் ஒரு சார்ஜரை முடித்ததும் அதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவார்கள் தெரியுமா? என்னைத் தாண்டிப் போய் அண்ணியிடம். "அண்ணி, பாருங்க, டிக்குங்குது!" அண்ணிக்கு எது ரெசிஸ்டர், எது கெப்பாசிட்டர் என்று தெரியாது. ரெசிஸ்டரை 'கோடு போட்ட அரிசி' என்பார், கெப்பாசிட்டரை 'டிரம்'. ஒரு வாரத்தில் குடோன் முழுக்க அந்தப் பெயர்தான். நான் திருத்தினேன். திருத்தத் திருத்தச் சிரித்தார்கள். பிற்பாடு எனக்கு வேலை கிடைத்து, புதுச்சேரியில் ஒரு யூபிஎஸ் சர்வீஸ் கடையில் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது, "அந்தப் பெரிய டிரம்மை மாத்தணும் சார்" என்று என் வாயே சொல்லிவிட்டது. அன்றைக்கு வந்த கோபத்தில் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது என் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஏன் எடுத்துப் போனாய் என்று பிறகு அண்ணன் கேட்டான். அது என் மீட்டர், என் வேலைக்கு வேண்டும், எடுத்துப் போனேன். 2006இல் உப்பு சீசன் தொடங்கியபோது நான் ஊரில் இல்லை. ஹாஸ்டலில் தங்கி, மாதத்துக்கு ஒருமுறை வந்து போய்க்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்து அவர்களாகவே புதிய சார்ஜர்கள் செய்தார்கள். பக்கத்து உப்பளங்களிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துச் செய்துகொண்டார்கள். அப்போதுதான் புகார் ஆரம்பித்தது. விளக்கு நிற்கவில்லை. முன்பெல்லாம் விடிந்த பிறகும் எரிகிற டியூப் லைட், இப்போது கிழக்கு வெளுக்கும் முன்பே மங்கியது. ஒருநாள் அப்படி மங்கிய நேரத்தில் வரப்பில் கால் வழுக்கி, கூடையோடு விழுந்து, ஒரு அக்காவுக்கு மணிக்கட்டு உடைந்தது.

அண்ணன் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை குடோனில் எல்லோரும் கூடப் போகிறார்கள், சார்ஜரை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் ரெடிமேடாக வாங்கலாம் என்று பேச்சு, சுவருக்கும் சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்கிறார்கள் என்றான். "ஏன்?" என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தங்கச்சி போட்ட சர்க்யூட்டு சரியில்லன்னு சொல்றாங்க." அந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒரு வருடம் முழுக்க அது அண்ணி சார்ஜராக இருந்தது. கெட்டுப்போனதும் ஒரே நாளில் தங்கச்சி சர்க்யூட் ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் குடோன். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தேன். பற்றவைப்பு ஒவ்வொன்றும் சுத்தம். உதிரிகள் சரி. ஆனால் பழையது புதியது எல்லாவற்றிலும் அந்த நீலத் திருகு தேவைக்குக் கீழே திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பேட்டரி நிறைவதற்கு முன்பே சார்ஜர் நின்றுகொள்கிறது. ஒன்றிரண்டு அப்படி இருந்தால் கை தவறியது என்று விடலாம். எல்லாமே ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. யாரோ எதையோ அளந்துதான் வைத்திருக்கிறார்கள். மீட்டரோ என்னிடம் இருக்கிறது. எதை வைத்து அளந்தார்கள்?

மேஸ்திரி வந்தார். தோளில் போட்டிருந்த துண்டு சல்லடையாக இருந்தது. "என்ன மேஸ்திரி, துண்டு இப்படி இருக்குது?" என்றேன். "எலிம்மா" என்றார். எலி கடித்தால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். இது ஆசிட் தெறித்த ஓட்டை, என் காலேஜ் துப்பட்டாவிலும் இதேபோல இருந்தது. பேட்டரிகள் வரிசையாக இருந்த மூலைக்குப் போனேன். அங்கே சிமெண்டுத் தரையில் வட்ட வட்டமாக அரித்த தடம். பக்கத்தில் பாத்தித் தண்ணீர் மொள்கிற உயரமான குழாய். அதற்குள் நிமிர்ந்து நின்றது மேஸ்திரியின் கண்ணாடி மிதவை.

எல்லாம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. பேட்டரி நிறைய நிறைய உள்ளே இருக்கும் ஆசிட் கனமாகும். அதை அமுக்கி உறிஞ்சுகிற ரப்பர் பல்பால் எடுத்துக் குழாயில் விட்டு, உப்புத்தண்ணீருக்குப் பார்ப்பதைப்போல டிகிரி பார்த்திருக்கிறார்கள். இருபத்தைந்து வந்ததும் விளைந்துவிட்டது என்று நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இடத்தில் சார்ஜர் நிற்கும்படி திருகைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும் என்று பழையவற்றையும் விடவில்லை. ஆனால் நிறைந்த பேட்டரியின் ஆசிட் முப்பத்திரண்டுக்குப் போக வேண்டும். எங்கள் ஆட்கள் முப்பதைத் தாண்ட விடுவார்களா? தாண்டினால் கசப்புத் தண்ணீர் என்று கைகளுக்கே தெரியுமே. உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். "இது யாரு யோசனை?" என்று மேஸ்திரியைக் கேட்டேன். அவர் துண்டை மடிக்க ஆரம்பித்தார். மடித்ததை உதறி மறுபடி மடித்தார். யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இல்லை. ஏதோ லாட்டரி விழுந்ததைப்போல இருந்தது. அன்று இரவு வீட்டில் அண்ணி பரிமாறிய சோற்றை நன்றாகச் சாப்பிட்டேன், ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

குடோன் நிரம்பியிருந்தது. கட்டுப் போட்ட கையோடு அந்த அக்காவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் காலையிலேயே ஒரு சார்ஜரின் திருகைச் சரியான இடத்தில் வைத்து ஒரு பேட்டரியை மாட்டியிருந்தேன். கூட்டம் கூடிய நேரத்தில் அது 'டிக்' என்று நின்றது. ஆசிட்டை உறிஞ்சிக் குழாயில் விட்டு, மேஸ்திரியையே கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். "முப்பத்திரண்டும்மா" என்றார், கெட்ட செய்தி சொல்கிற குரலில். முப்பத்திரண்டுதான் சரி என்று விளக்கினேன். உப்பு வேறு, ஆசிட் வேறு என்றேன். சர்க்யூட்டில் ஒரு பழுதும் இல்லை என்பதை இரண்டு முறை சொன்னேன். பிறகு நான் இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"இருபத்தஞ்சுல நிறுத்தச் சொன்னது யாரு?"

மேஸ்திரி துண்டின் ஓட்டைகளைப் பார்த்தார். பாய் மேலே சுற்றாத ஃபேனைப் பார்த்தார். நான் மறுபடி கேட்டேன். கட்டுப் போட்ட அக்கா, "யாரும் சொல்லல பாப்பா. எங்களுக்கா தோணுச்சு, நாங்களா வெச்சிக்கிட்டோம்" என்றார். கை உடைந்தவர் சொல்கிறார்! என் பெயரை எடுத்துச் சர்க்யூட் சரியில்லை என்று சொல்ல இவர்களில் ஒருவருக்கும் நாக்கு கூசவில்லை. அவர் பெயரைச் சொல்ல மட்டும் அத்தனை பேருக்கும் வாய் கட்டிவிட்டது. ஒருவரை ஊர் இப்படிக் காப்பாற்றும் என்றால், அவர் ஊருக்கு என்னதான் கொடுத்தார்? நான் கொடுக்காத எதைக் கொடுத்தார்?

கதவோரம் டீ ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி கெட்டிலைக் கீழே வைத்தார். "நான்தாம்பா சொன்னேன்" என்றார். "மீட்டரு இல்லியே, என்னா செய்யறதுன்னு பாத்தேன். இதுவும் தண்ணிதானே, ஏற ஏற கனமாவுதேன்னு கண்ணாடிய விட்டேன். உப்புக்குப் பழகிட்டேன்ல, இருபத்தஞ்சுன்னதும் கை தன்னால நிறுத்திடுச்சு." நேராக அந்த அக்காவிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "என்னாலதான் உனக்கு இப்படி ஆச்சு. கை தேறுற வரைக்கும் உன் கூடைய நான் தூக்கறேன்" என்றார். தூக்கவும் செய்தார், அது பிற்பாடு. அப்போது அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் கூட்டமே எழுந்துவிட்டது. "விடுங்க அண்ணி." "நீங்க இல்லன்னா இந்த யோசனையே வந்திருக்காதுங்க அண்ணி." பாய் மட்டும், "பேட்டரியில உப்பு வெளைய வெச்சீங்களே அண்ணி, மாஷா அல்லாஹ்!" என்றார். அவ்வளவுதான், குடோன் சிரிப்பில் அதிர்ந்தது. அண்ணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவர் செய்த தப்பும் ஊருக்குப் பிடித்த கதையாகிவிட்டது. இன்னும் சொல்கிறார்கள்.

நான் கையில் டெஸ்டரோடு நின்றுகொண்டிருந்தேன். ஜெயித்தது நான்தான். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பேச்சு அத்தோடு போயிற்று. சர்க்யூட் சரி என்று ஊரே ஒப்புக்கொண்டது. ஆனால் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. அதைவிட மோசமான ஒன்று என்னவென்றால், அந்த யோசனை நல்ல யோசனை. மீட்டர் இல்லாத இடத்தில் டிப்ளமோ படித்த நான் என்ன செய்திருப்பேன்? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் கண்ணாடி மிதவையை எடுத்தார். எண் ஒன்றுதான் தப்பு. பெரிய பட்டறைகளிலும் ஆசிட்டின் கனத்தைப் பார்த்துத்தான் பேட்டரி நிறைந்ததா என்று சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

சிரிப்பு அடங்கியதும் அண்ணி எழுந்து வந்தார். "தங்கச்சி வெக்கிற எடத்தை இனிமே யாரும் தொடக்கூடாது. நானும்தான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய் அந்த நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து வந்தார். நான் மீட்டரைப் பார்த்து ஒவ்வொரு திருகாகச் சரியான இடத்தில் வைத்தேன். அவர் என் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துளி வைத்தார். காய்ந்தால் திருகு அசையாது. சுவரில் வரைபடத்துக்குப் பக்கத்தில் பெயிண்டர் 32 என்று எழுதி, திருகு இருந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் வைத்தார். சாயங்காலம் ஆவதற்குள் செய்தி பரவிவிட்டது. பக்கத்து உப்பளங்களிலிருந்து டப்பாக்களை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்கள். "தங்கச்சி, கொஞ்சம் தள்ளும்மா" என்று என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அண்ணி, எங்களுதுக்கும் புள்ளி வையுங்க" என்றார்கள்.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. வரைபடத்தைப் பொதுவில் வைத்த அந்தத் தூரதேசத்து மனிதருக்கு மெயில் எழுதினேன். மாற்றினால் காட்ட வேண்டும் என்றுதானே போட்டிருந்தார். எங்கள் உதிரிகளுக்காக நான் செய்த மாற்றங்கள், ஆசிட் டிகிரியை வைத்துத் திருகை நிறுத்தும் முறை, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கி, கீழே என் முழுப்பெயரையும் எழுதினேன். உண்மையை மறைக்கக்கூடாது என்று, திருகு அசையாமல் இருக்க என் அண்ணி நெயில் பாலிஷ் வைத்தார் என்றும், அண்ணி என்பதை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டு, ஒரு வரி சேர்த்தேன். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அடியில் புதிதாக ஒரு வரி: இந்தியாவின் மரக்காணத்திலிருந்து நெயில் பாலிஷ் யோசனை தந்த திருமதி அண்ணிக்கு நன்றி. பிரவுசிங் சென்டர்க்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

பிறகு எல்லாம் கலைந்தது. அண்ணன் குத்தகையை விட்டுவிட்டுச் சென்னைக்குக் குடிபோனான். குடோனை இடித்துவிட்டார்கள், சுவரும் போனது. நான் புதுச்சேரியிலேயே சொந்தமாக யூபிஎஸ் சர்வீஸ் கடை போட்டேன். நன்றாகவே போகிறது. போன மாதம் அனுமந்தையில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை முடித்துவிட்டுக் கரையோரமாக நடந்து வந்தேன். ஒரு வலைக் கொட்டகையில் மீசை நரைத்த ஒருவர் படகு பேட்டரிக்கு சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இந்தப் பிஸ்கட் டப்பா. கால் அங்கேயே நின்றுவிட்டது.

"ஏங்க, இது எங்க வாங்கினீங்க?"

"வாங்கலைங்க, செஞ்சது. மொதல்ல உப்பளத்துல செவுத்துல எழுதியிருந்துச்சு, அங்க பாத்துட்டு வந்து எங்க மாமா செஞ்சாரு. இப்ப நான் செய்யறேன். அண்ணி சார்ஜருங்க."

டப்பாவைத் திறந்து காட்டினார். புத்தம் புதுப் பலகை. நீலத் திருகின் தலையில் சிவப்புப் புள்ளி. அது எதற்கு என்று தெரியாதவளைப்போலக் கேட்டேன்.

"அதுதாங்க முக்கியம். அந்தப் புள்ளி வெக்கலைன்னா சார்ஜ் நிக்காது. அண்ணி வெச்சதுங்க."

"புள்ளியில ஒண்ணும் இல்லைங்க, அடியில இருக்குதே திருகு, அதை எங்க வெக்கிறோம்ங்கிறதுதான்..." என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அதெல்லாம் சரிங்க, புள்ளியும் வெச்சிடணும்" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார். இந்தக் கேள்விக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன். இந்தச் சர்க்யூட்டைப் போட்டவள் நான்தான் என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது.

"நான் அண்ணியோட நாத்தனாருங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். உள்ளே குரல் கொடுத்து டீ கொண்டுவரச் சொன்னார். அண்ணி எப்படி இருக்காங்க, எங்க இருக்காங்க என்று விசாரித்தார். கிளம்பும்போது, அண்ணி பார்த்தால் சந்தோஷப்படுவாங்க என்று சொல்லி ஒரு டப்பாவை என் கையில் திணித்தார். பணம் கொடுத்தால் கையைக் கட்டிக்கொண்டார்.

புதுச்சேரி பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆற்றாமையாக இருந்தது. அண்ணிக்கு போன் போட்டேன். சண்டை போடுவதற்காகத்தான் போட்டேன். அனுமந்தையில் நடந்ததைச் சொல்லி, உங்க சார்ஜர் இன்னும் ஓடுது, உங்க புள்ளி இன்னும் ஓடுது, போதுமா என்றேன்.

"எந்த சார்ஜரு?" என்றார் அண்ணி.

"அதான் அண்ணி, குடோன்ல, பிஸ்கட் டப்பாவுல. நீங்க நெயில் பாலிஷ் வெச்சீங்களே."

"நானா? நெயில் பாலிஷா? நான் எங்கடி அதெல்லாம் போட்டேன்?" நான் இத்தனை வருடம் நெஞ்சில் தூக்கிச் சுமந்ததை, அவர் எங்கே வைத்தோம் என்றுகூடத் தெரியாமல் தேடிக்கொண்டிருந்தார். இப்படி மறக்க முடிகிறதே என்று அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு, "ஆங், டிக்குன்னு நிக்குமே, அதுவா? அது நீ செஞ்சதுல்ல? உன் சார்ஜர்தானே அது. இன்னுமா ஓடுது?" என்றார்.

அவர் சொன்னதைப் பஸ்ஸில் வேறு யாரும் கேட்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் தூங்கிக்கொண்டிருந்தார், கண்டக்டர் முன்னால் இருந்தார். டப்பாவின் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க அண்ணி, பஸ் சத்தத்துல கேக்கல" என்றேன். நன்றாகத்தான் கேட்டிருந்தது.